பாங்கு நேரத்தில் உறைந்த திரை

தம்பி, என் செல்ல வாப்பா, உன் பெயரை இந்தத் தாளில் எழுத மாட்டேன். அதை அந்த ஆள் வாயில் போட்டு மென்றது போதும். என்ன நடந்தது என்று மற்றவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவது ஃபெயில். துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் டைப் அடிக்கிறேன். விசா படிவம், வாடகை ஒப்பந்தம், அரபியும் இங்கிலீஷும் கலந்து வரும் கடிதங்கள். இரண்டு எழுத்தும் ஒரே வரியில் வந்தால் எங்கள் பழைய சாஃப்ட்வேர் வரிசையைக் குழப்பிவிடும். அதற்காகவே என் தம்பி சொந்தமாக ஒரு எடிட்டர் எழுதினான். அதே ஆபீஸில்தான் அவனுக்கும் வேலை. காய்ச்சல் என்று படுத்தவன் நாலாம் நாள் போய்விட்டான். அல் குசைஸில் அடக்கினார்கள். பெண்கள் கப்ருஸ்தானுக்கு வரக்கூடாது என்று என்னை ரூமில் விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மூன்று வாரம் ஆவதற்குள் அவன் எடிட்டர் உறைய ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். மூடித் திறந்தால், அடித்ததெல்லாம் போயிருக்கும். இரண்டு பேருக்குத்தான் அப்படி ஆனது. ஒன்று நான். இன்னொன்று, பக்கத்து சீட்டில் இருக்கும் புதுக்கோட்டை அண்ணன்.

ஒருநாள் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு அடித்த கடிதம் அப்படிப் போனது. அவள் அழுதாள். சூப்பர்வைசர் நடு ஹாலில் வந்து நின்று, கஸ்டமர்கள் எல்லாம் கேட்கச் சொன்னான்:

“மவுத்தானவனப் பத்திப் பேசக்கூடாதுதான். ஆனா அரைகுறையா எழுதி வச்சிட்டுப் போயிட்டான். அந்தா உக்காந்திருக்காளே, அவ தம்பி செஞ்ச வேலைதான் இது!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாதக் கடைசியில் எடிட்டரைத் தூக்கிவிடலாம் என்று முதலாளியும் சொல்லிவிட்டார். தூக்கிவிட்டால் அந்த ஆள் சொன்னதே உண்மையாகிவிடும். இதே ஹாலில், இதே வாயால் அவனைத் திருப்பிச் சொல்ல வைப்பேன் என்று அன்றைக்கு மனதில் போட்டுக்கொண்டேன்.

தம்பியின் லேப்டாப்பைத் திறந்தேன். ஆபீஸ் எடிட்டரில் யார் என்ன மாற்றினாலும் அதிலும் வந்துசேரும். புரோகிராம் கோடு எனக்கு எழுத வராது, தட்டுத்தடுமாறிப் படிக்க வரும். எடிட்டருக்குள் ஈவென்ட் லூப் என்று ஒன்று ஓயாமல் சுற்றுகிறது. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் முன்னால் வரிசையில் நிற்கும். ஒன்றை எடுக்கும், முடிக்கும், அடுத்ததை எடுக்கும். திரையைத் தொடுகிற உரிமை அதற்கு மட்டும்தான். பின்னால் வேறு வேலை செய்யும் த்ரெட்கள் உண்டு. அவை திரையில் ஏதாவது காட்ட வேண்டுமென்றால் அந்த வரிசையில் ஒரு சீட்டுப் போட வேண்டும். கோடின் தலையில் தம்பி தமிழில் எழுதி வைத்திருந்தான்: “சீட்டப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இரு. பதிலுக்குக் காத்து நிக்காத.”

தம்பியின் வரிகளையே பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் ‘உள்ளே வந்தேன்’, ‘வெளியே போனேன்’ என்று நேரத்தோடு பதிவு எழுத வைத்தேன். அதற்கே ஒரு வாரம் ஆனது. மதியம் ஒருமுறை உறைந்தது, சாயங்காலத்துக்கு முன்னால் ஒருமுறை. நாலு நாள் கழித்துப் பார்த்தால் ஒரு நிமிடம் தள்ளியிருந்தது. ஒன்றும் புரியவில்லை. பட்டியலை எட்டிப் பார்த்த அண்ணன்தான் சிரித்தார்.

“அது பாங்கு சொல்ற நேரமுல்ல தங்கச்சி? ஒங்க ஆளுக எல்லாம் கைய எடுத்துர்றாங்க. நான் ஒருத்தன் தட்டிக்கிட்டே இருக்கேன். நீயும் தட்டுற. நம்ம ரெண்டு பேருக்கும்தான் சாபம்!”

எங்கள் ஆபீஸில் அது பழக்கம். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்டதும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். முன்பு நானும் எடுத்தேன். தம்பி போனபிறகு அந்த அமைதியில் அழுகை வந்துவிடும். அதனால் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அடித்துக்கொண்டே இருப்பேன்.

பாங்கு என்று தெரிந்தபிறகு தேடுவது சுலபமாகிவிட்டது. தம்பியை அடக்கிய மறு வாரம், முதலாளியைக் குளிர்விக்க, சூப்பர்வைசர் ஒரு த்ரெட் சேர்த்திருந்தான். பாங்கு நேரம் வந்ததும் அது, நாம் அடித்த கடிதத்தைப் பூட்டி, நகல் எடுத்து, திரையில் ‘தொழுகை நேரம்’ என்று காட்டி, பிறகு சர்வரில் சேமிக்க வேண்டும். அவன் செய்த தப்பு என்னவென்றால், பூட்டைத் திறக்காமலே லூப்பிடம் “இதைக் காட்டு” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்க வைத்தான். அந்த நேரம் யாராவது ஒரு எழுத்தைத் தட்டினால் லூப் அதைக் கடிதத்தில் வைக்கப் போகும். கடிதம் பூட்டியிருக்கும். திறக்கட்டும் என்று லூப் நிற்கும். லூப் வரட்டும் என்று அந்த த்ரெட் நிற்கும். அவ்வளவுதான், சேமிக்காமலே உறைந்துபோகும். யாரும் தட்டாவிட்டால் ஒன்றும் ஆகாது. அவன் பாங்கு நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்திருக்கிறான். அவனுக்கு எப்படி உறையும்?

இரண்டு வரி மாற்றினால் போதும். அன்றைக்கே மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பஹ்ரைன் ஈசா டவுனில் குடும்பத்தைப் பார்க்கப் போன முதலாளி திரும்பி வரும்வரை ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் கண் முன்னால் உறைய வேண்டும் எனக்கு. அண்ணன் சாபம் என்று சிரித்ததோடு மறந்துவிட்டு அடித்துக்கொண்டிருந்தார்; அவர் கடிதங்கள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலாளி வந்த அன்று அஸர் என்கிற சாயங்காலத் தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவரை என் சீட்டுக்குப் பின்னால் கூப்பிட்டேன். சூப்பர்வைசரும் வந்தான்.

“அட, இவஹ எப்ப எஞ்சினியர் ஆனாஹ?”

“சட்டுன்னு காட்டும்மா, பாங்கு சொல்லப் போறாஹ” என்றார் முதலாளி.

பாங்கு ஆரம்பித்தது. ஹாலில் எல்லாக் கையும் நின்றது. நான் அடித்தேன்.

“கைய எடு புள்ள! பாங்கு காதுல விழலயா?”

“விழுது மொதலாளி. அதனாலதான் அடிக்கிறேன். திரையப் பாருங்க.”

உறைந்தது. பாங்கு முடியும்வரை முதலாளி திரையிலேயே குனிந்து நின்றார். முடிந்ததும் தம்பியின் லேப்டாப்பில் பதிவைக் காட்டினேன். அந்த த்ரெட்டை யார், எந்தத் தேதியில் சேர்த்தது என்பதையும் காட்டினேன். முதலாளி அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தார்.

“சின்னத் தப்புதானே, யாருக்கும் வரும்” என்றான் அவன்.

“எந்தம்பிக்கு மட்டும் அரைகுறையா? இதே எடத்துல நின்னு, அவன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க.”

அவன் முதலாளியைப் பார்த்தான். “சொல்லு. அன்னைக்குச் சத்தமாத்தானே சொன்னியாம்” என்றார் அவர்.

“அவன் எழுதுனதுல தப்பில்ல. நான் சேத்ததுலதான்.”

“கேக்கல” என்றேன்.

மறுபடி சொன்னான்.

“எனக்கும் கேக்கல பாய்!” என்றார் அண்ணன் பக்கத்து சீட்டிலிருந்து.

மூன்றாம் தடவை ஹால் முழுக்கக் கேட்டது. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்னும் இனிக்கிறது.

அன்றைக்கே இரண்டு வரியையும் மாற்றினேன். தம்பியின் எடிட்டரை முதலாளி தூக்கவில்லை. ஒன்பது நாள் விஷயத்தை அண்ணனிடம் நானே சொன்னேன். “எனக்கு எட்டு லெட்டர் போச்சே. தெரிஞ்சுக்கிட்டேவா பாத்துக்கிட்டு இருந்த?” என்றார். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெட்கப்படுவது அதற்கு மட்டும்தான். அந்த ஆள் குனிந்த தலையை நினைத்து எனக்கு ஒரு துளி வெட்கமும் இல்லை. ஆனால் மூன்று தடவை சொல்லியும் என் தம்பி எழுந்து வரவில்லை.

அவன் பெயருக்கு என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். அவனுக்காக அல்லாஹ்விடம் நான் ஒருத்தி துஆ கேட்டால் போதாது. இதைப் படிக்கிற ஒவ்வொருவரும், எந்த மார்க்கத்துக்காரராக இருந்தாலும், உங்கள் மொழியில், உங்களுக்குத் தெரிந்த மாதிரி, அவன் பாவங்கள் மன்னிக்கப்படவும் அவன் அடங்கியிருக்கும் கப்ரு வெளிச்சமாக இருக்கவும் ஒரு தடவை துஆ கேளுங்கள்.