பெற்றோல் பம்பில் அணைத்த போன்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை. இங்கே சுவிஸில், சோலோதுர்னுக்கு வெளியே ஒரு பெற்றோல் நிலையத்தில் வாசகர் ஒருவர் என் பேச்சைக் கேட்டார். எழுதுகிறவளுக்கு மகிழ்ச்சிதானே வரவேண்டும்? எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

நினைவிருக்கிறதா... சில வாரங்களுக்கு முன் இதே பத்தியில் ஒரு ஈமெயிலைப் பற்றி எழுதியிருந்தேன். யாரோ பெற்றோல் அடித்துக்கொண்டிருந்தாராம், போன் வந்ததாம், எடுத்தாராம், குப்பென்று தீப்பிடித்ததாம். எந்த நாடு? யார் அந்த ஆள்? ஒரு விபரமும் இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. நான் பத்திரிகையிலேயே எழுதி அனுப்பிவிட்டேன்! கடைசியில், ‘பம்புக்குப் பக்கத்தில் போனை அணைத்துவிடுங்கள்’ என்று புத்திமதி வேறு.

அந்த வாசகர் குகன். இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. எனக்குத் தம்பி மாதிரி, அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். மனைவி சுகந்தி யாழ்ப்பாணத்தில். கல்யாணம் முடிந்து ஒன்றாக இருந்தது ஐந்து வாரம். பிறகு இவன் இங்கே வந்துவிட்டான். சண்டையால் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள், விசா இழுபடுகிறது, இரண்டு வருடமாகிவிட்டது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அங்கே பின்னேரம், சுகந்தி ஊரில் டெலிபோன் கடைக்குப் போவாள். இரண்டு தரம் மணியடிக்க விட்டு வெட்டிவிடுவாள். உடனே இவன் டெலிபோன் கார்டைச் சுரண்டி, அந்த நீள நம்பரையெல்லாம் அழுத்தி, கடைக்குத் திருப்பிக் கோல் எடுப்பான். நம்மில் யாருக்குத் தெரியாது இந்த இரண்டு மணி வழக்கம்? கடை இருட்ட முதல் பூட்டிவிடும். லைன் பல வாரங்களில் கிடைப்பதே இல்லை. அன்றைக்கு அவன் அவளுடைய குரலைக் கேட்டு மூன்று வாரம்.

அன்று காலை பழைய சாமான் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கினான். ஏற்றிவர என் கார்.

“அவ வந்தா முகம் பாக்க ஒரு கண்ணாடி வேணுமெல்லோ அக்கா?”

“விசா வந்திட்டுதோ?”

“இல்லை. முதல் கண்ணாடி வரட்டும்.”

திரும்பும் வழியில் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தினேன். “நீங்கள் இருங்கோ அக்கா, நான் அடிக்கிறன்” என்று குகன் இறங்கினான். பம்பில் ஒரு ஸ்டிக்கர் — போன் படத்துக்கு மேல் சிவப்புக் கோடு. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “நீங்கள் எழுதினது சரிதான்” என்று சொல்லி, போனை எடுத்து அணைத்தான். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு நிமிட வேலைதானே என்று நானும் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்லவா? கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காசு கட்டிவிட்டு வந்து போனை மறுபடி ஓன் பண்ணினான். நாலு இலக்கம் கேட்டது.

“அக்கா... பின் நம்பர் கேக்குது.”

“போடுங்கோவன்.”

“எனக்குத் தெரியாது.”

எப்படித் தெரியும்? இரண்டு வருடமாக அணைக்காத போன் அது. குளிக்கும்போதுகூட சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பான். ஒருமுறைகூட அந்த நம்பர் தேவைப்படவில்லை.

கல்யாண நாளை அழுத்தினான். பிழை. சுகந்தியின் பிறந்தநாள். அதுவும் பிழை. “இனி அழுத்தாதை, பூட்டிப்போடும்!” என்று நான் கத்தினேன். சரியாகப் பன்னிரண்டு மணி. கை நின்றால்தானே? அழுத்தினான். போன் பூட்டிக்கொண்டது.

என்னுடைய போனில் எடுக்கலாமே என்கிறீர்களா? கடை நம்பரும் அந்தப் போனுக்குள்தான் இருந்தது.

அவனுடைய வீட்டுக்குப் பறந்தோம். பெர்மிட், சம்பளத்துண்டு எல்லாம் வைத்திருக்கும் கோப்பைத் தலைகீழாகக் கொட்டி, திறக்கும் நம்பர் உள்ள கடிதத்தைக் கண்டுபிடித்தபோது ஒன்றே முக்கால். போன் உயிர் பெற்றது. திரையில் ஒன்றும் இல்லை. அணைத்திருந்த நேரத்தில் யார் எடுத்தார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? கடைக்கு எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் தூக்கவில்லை.

“வந்து நிண்டிருப்பா அக்கா. நான் வேணுமெண்டு அணைச்சு வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சிருப்பா.”

கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

மேல் வீட்டு ரூடி எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் தொண்டர். எழுத முதல் கேட்டிருக்க வேண்டியதைப் பிறகு போய்க் கேட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். போன் அடித்துப் பெற்றோல் பற்றியதை அவர் கண்டதும் இல்லை, நம்பத்தகுந்த ஆளிடம் கேட்டதும் இல்லை. அதன் அலைக்கு அவ்வளவு வலு இல்லையாம். ஸ்டிக்கர் ஒரு முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான். உண்மையில் பயப்பட வேண்டியது நம்முடைய குளிர் ஜாக்கெட்டுக்கு! அது கார் சீற்றில் உரசி, நாம் இறங்கி இரும்பைத் தொடும்போது ‘சுள்’ளென்று ஒன்று அடிக்குமே, அந்தப் பொறிதான் ஆவியைப் பற்றவைக்கக்கூடியதாம். அதனால் பம்பைத் தொடமுன் காரின் இரும்பைத் தொடுங்கள். அடித்து முடியும்வரை இடையில் காரில் ஏறி உட்காராதீர்கள். போன் வந்தால் தள்ளிப்போய்ப் பேசுங்கள். கடைசியாக ரூடி ஒன்று கேட்டார்: “உன்னுடைய கார் டீசல் அல்லவா?”

ஓம். டீசல். அது பெற்றோலைப் போல இலகுவில் பற்றாதாம். என்னத்தைச் சொல்ல!

போன சனிக்கிழமை குகன் என் வீட்டுக்கு வந்துவிட்டான். தனியே இருக்கப் பயமாக இருக்கிறதாம். குசினி மேசையில் போனை வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டானது. பத்து நிமிடம் போனது. தேத்தண்ணி ஆறிவிட்டது.

அடித்தது.

இரண்டாவது மணி வரை அவன் பொறுக்கவில்லை. வழக்கமாவது ஒன்றாவது! முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“சுகந்தி, போன கிழமை நான்...”

அந்தப் பக்கம் ஒரே அழுகை. எனக்கே கேட்டது. “முழு நாளும் ஊரடங்கப்பா. கடையும் திறக்கேல்லை. வெளிக்கிட ஏலாமல் போச்சு. நீங்கள் போனைப் பாத்துக்கொண்டே இருந்திருப்பீங்கள் எண்டு நினைச்சு நினைச்சு நான் ஒரு கிழமையாச் சாப்பிடேல்லை!”

அன்றைக்கு அவள் கோல் எடுக்கவே இல்லை. இவன் தவறவிடவும் இல்லை. அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தன், ஒரு வாரம் முழுக்க ஒருவரிடம் ஒருவர் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். குகன் சிரித்தான், கண்ணைத் துடைத்தான், பெற்றோல் கதை முழுவதையும் சொன்னான். பிறகு போனை என்னிடம் நீட்டினான்.

“உங்களோடை கதைக்கவேணுமாம்.”

நான் வாயைத் திறக்கமுன் சுகந்தி சொன்னாள்: “அக்கா, இனிமேல் போனை அணைக்கச் சொல்லி எழுதிப்போடாதேங்கோ.”

எழுத மாட்டேன், சுகந்தி. இனி டீசலை நானே அடிக்கிறேன்.