நான் சொல்ல வர்றது என்னன்னா

கண்ணாடிக்காரர் தொலைக்காட்சியில் வர ஆசைப்பட்டதே இல்லை. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவன் செய்த காரியத்துக்கு இந்தத் தெருவின் கருத்து என்ன என்று கேட்க ஒரு நாள் மைக்கும் கையுமாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மைக்கைப் பார்த்ததும் இரும்புக் கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு அந்த நேரம் பார்த்துத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போகவேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் மட்டும் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பழைய பிரேமில் எள்ளளவு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். கையை எடுத்தால் அது எங்கே போய் விழும் என்று தெரியாது. அதனால் ஓட முடியவில்லை. குனிந்த தலை நிமிராமல், "தப்பு யார் செஞ்சாலும் தப்புதாங்க" என்றார். அது போதும் அவர்களுக்கு. தாடி இருக்கிறது, கோபப்படாமல் பேசுகிறார், போன் அடித்தால் எடுக்கிறார். ஒரு சேனலுக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்.

அதிலிருந்து பிடித்தது சனி. உலகத்தில் எங்கே எது நடந்தாலும் இவர் பதில் சொல்லவேண்டும். அவரைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது? மாலையானால் நிகழ்ச்சிக்கு ஆள் பிடிக்கும் சேனல் பெண்ணிடமிருந்து போன் வரும். "சார், பின்னாடி புத்தக அலமாரி மாதிரி ஏதாவது இருந்தா நல்லா இருக்கும்." கடையில் ஏது புத்தகம். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைதான் இருந்தது, மேலே பெரிய எழுத்தும் கீழே போகப் போகக் குட்டி எழுத்துமாக. அதற்கு முன்னால் முக்காலியைப் போட்டு, லென்ஸ் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்து, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

திரையில் நாலு கட்டம். நடுவராக ஒருவர், சண்டை போட இருவர், ஓரத்துக் கட்டத்தில் இவர். கீழே பெயரோடு போடும் பட்டம் நாளுக்கொன்றாக மாறும். சமூக ஆர்வலர், அரசியல் நோக்கர், சிந்தனையாளர். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்று ஒரு நாளும் போட்டதில்லை, போட்டிருந்தால் வியாபாரமாவது நடந்திருக்கும். ஒரு நாள் மார்க்க அறிஞர் என்று போட்டுவிட்டார்கள். மறுநாள் பள்ளிவாசல் வாசலில் இமாம் முந்திக்கொண்டு ஸலாம் சொன்னார்.

"வாங்க அறிஞரே. வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானை நீங்களே பேசிடுங்க. எனக்கும் முதுகு வலி."

பட்டம் எதுவானாலும் பேச்சு ஒன்றுதான். "நான் சொல்ல வர்றது என்னன்னா, எங்க தெருவுக்கு..." என்று ஆரம்பிப்பார். அந்த இடத்தில் சண்டைக்காரரில் ஒருவர் உள்ளே புகுந்துவிடுவார். "இதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க" என்பார் ஒருவர். "அவரை விடுங்க, என்கிட்டப் பேசுங்க" என்பார் மற்றவர். நடுவர் இருவரையும் அடக்குகிற சாக்கில் இருவரையும்விடச் சத்தமாகக் கத்துவார். இவர் பாதி தூக்கிய கையோடு சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். பிறகு விளம்பரம் வரும்.

அப்படியிருந்தும் ஏன் போனார் என்றால், அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. உலக விஷயம் இல்லை, பஸ் விஷயம்.

முன்பெல்லாம் பஸ் தெருமுனை வரை வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் ஏதோ ஊர்வலத்தின்போது எவனோ எறிந்த கல் பஸ் கண்ணாடியில் பட்டது. எறிந்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பஸ் அன்றோடு மெயின் ரோட்டிலேயே திரும்பிக்கொண்டது. கேட்டால், பதற்றமான பகுதியாம். இந்தத் தெருவில் பதற்றம் என்று ஒன்று இருந்தால் அது குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில்தான். ஆட்டோக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். உள்ளே வரச் சொன்னால் இரண்டு மடங்கு கேட்டார்கள்.

அவருடைய மனைவி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். இந்த ஊரில் பாதிக் குழந்தைகள் முதலில் பார்த்தது அவள் முகத்தைத்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. நின்று வேலை பார்க்கலாம், நெடுந்தூரம் நடக்கக்கூடாது என்று அவள் ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். மெயின் ரோட்டிலிருந்து வீடு வரை நெடுந்தூரம்தான். கணவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு தடவை பழகப் போய் மின்கம்பத்தில் கொண்டுபோய்ச் சாத்தியவர் அவர். அதற்குப் பிறகு அவளே அவரை வண்டியைத் தொடவிடவில்லை.

கணவனும் மனைவியும் போக்குவரத்து ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். கிணற்றில் போட்ட கல். மறுபடி கொடுத்தபோது அங்கிருந்த ஒரு குமாஸ்தா மட்டும் இரக்கப்பட்டு, "பாய், நீங்கதான் டிவியில வர்றீங்களே. அங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மறுநாளே இங்க போன் அலறும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனிதர் மாலைதோறும் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். லென்ஸ் தேய்க்கும் சக்கரம் சுழலும்போது அதன் இரைச்சலுக்குள் வாய்விட்டுப் பழகுவார். "நான் சொல்ல வர்றது என்னன்னா, எங்க தெருவுக்கு பஸ் வர்றதில்ல. பஸ் வந்தா நாங்களும் வெளிய வருவோம், நீங்களும் உள்ள வருவீங்க." எவ்வளவு நேரம் ஆகிவிடும் இதைச் சொல்ல? சக்கரம் குறுக்கே பேசாது. அதனிடம் ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்லி முடித்தார்.

சேனலில்தான் இப்படி என்றால், மறுநாள் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் படிக்கட்டில் இரண்டாவது விவாதம் நடக்கும். மைக்கைக் கண்டு ஷட்டரை இறக்கியவர்களுக்கு அங்கே வாய் நாலு முழம் நீளும்.

"சரித்திரத்தை எடுத்து விட்டிருக்க வேணாமா?" என்பார் தலைமையாசிரியர். "நானா இருந்தா நாலே கேள்வியில அந்த ஆள உக்கார வச்சிருப்பேன்."

"நீங்க எங்க போனீங்க அன்னைக்கு?" என்று கேட்க இவருக்கு நாக்கின் நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வார்.

"சிரிக்கிறீங்க பாய், அதான் உங்ககிட்ட குறை" என்பார் இரும்புக் கடைக்காரர். "அவன் திட்டுறான், நீங்க சிரிக்கிறீங்க. சமுதாயத்தோட மானமே போகுது."

"இல்ல, நான் சொல்ல வர்றது என்னன்னா, பஸ்..."

"பஸ் கிடக்குது விடுங்க. உலகமே நம்மள சுத்தி வளைக்குது, இவர் பஸ்ஸைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறார்."

எல்லாரும் அவரவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார்கள். இவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். சேனல்காரனாவது விளம்பரம் வந்தால் நிறுத்துகிறான், இவர்களுக்கு அதுவும் இல்லையே என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்.

ஒரு நாள் காலை மனைவி முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டே சொன்னாள். "என்னங்க, இதுக்கு மேல என்னால முடியாது. இந்த மாசத்துக்குள்ள பஸ் வரலேன்னா வேலைய விட்டுடுவேன்."

"விடாத. இன்னைக்கு எப்படியும் சொல்லிடுறேன்."

"தினமும் இதையேதான் சொல்றீங்க."

"இன்னைக்குத் தலைப்பே தோதா இருக்கு. நாம எல்லாரோடயும் கலந்து வாழறோமா இல்ல ஒதுங்கி வாழறோமான்னு கேக்குறாங்க. இதுல பஸ்ஸைச் சொல்லாம வேற எதுல சொல்றது?"

 அவள் நம்பத்தான் ஆசைப்பட்டாள். "சரி. வார்டுக்கு வெளிய டிவி இருக்கு. நானும் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை நிகழ்ச்சி வழக்கம்போலக் கூச்சலோடு ஆரம்பித்தது. சண்டைக்காரர் ஒருவரின் இணைப்பு நடுவில் அறுந்துபோய் அவர் கட்டம் கருத்தது. மற்றவர் நடுவரோடு முறுக்கிக்கொண்டு, சட்டையில் மாட்டியிருந்த மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் கட்டத்தில் காலி நாற்காலி. நடுவர் தண்ணீர் குடித்தார். பிறகு, சேனல் வரலாற்றிலேயே முதல் முறையாக, அமைதியாகச் சொன்னார்.

"இப்ப நீங்க மட்டும்தான் இருக்கீங்க. நிறைய நேரம் இருக்கு. சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் சொல்ல வர்றது என்னன்னா, எங்க தெருவுக்கு..."

நின்றுவிட்டார்.

அந்த இடம் வந்ததும் நிற்பதுதான் வாய்க்குப் பழக்கம். யாராவது உள்ளே புகவேண்டிய இடம் அது. கை பாதி தூக்கிக்கொண்டது, முகம் சிரித்துக்கொண்டது. அடுத்த வார்த்தை தொண்டையில்தான் இருந்தது. ஆனால் குறுக்கே பேசுகிறவன் பேசி முடிக்காமல் அது வெளியே வராது. எவனும் பேசவில்லை. நடுவரும் பார்த்தார், ஊரே பார்த்தது. கண்ணாடிக்காரர் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, "நீங்க முடிங்க சார், அப்புறம் நான் சொல்றேன்" என்றார்.

"பாத்தீங்களா நேயர்களே" என்று நடுவர் காமிரா பக்கம் திரும்பினார். "நேரம் கொடுத்தும் பதில் இல்லை. இதுதான் பிரச்சினை." விளம்பரம் வந்துவிட்டது.

அவர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். இரும்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், இன்னைக்குன்னு பாத்து வாய் அடைச்சுப்போச்சு?" என்று கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்ணாடிக்காரர் தன் கடை ஷட்டரை ஒருவர் முகத்துக்கு எதிரே இறக்கினார்.

மனைவி வந்தபோது அவர் வீட்டில் வெந்நீர் வைத்துக் காத்திருந்தார். மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் தூக்கி வைத்தாள்.  அவரே முந்திக்கொண்டு கேட்டார்.

"பாத்தியா?"

"வார்டே பாத்துச்சு. எல்லாரையும் நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சேன்." பட்டையை அவிழ்த்தாள். "டிவி முடிஞ்சதும் வேலைய விடுறேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

அவர் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. அப்போது போன் அடித்தது. தினமும் ஆள் பிடித்துக் கொடுக்கும் சேனல் பெண்தான். அவர் எடுக்கவில்லை. மனைவி கையை நீட்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், நாளைக்கு ஒரு நல்ல தலைப்பு" என்றது குரல். "உங்க சமுதாயத்துப் பெண்கள் ஏன் வேலைக்குப் போறதில்லைன்னு. உங்க பக்கத்துல பேசக்கூடிய லேடி யாராவது இருக்காங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் அவர் மனைவி பேசுறேன்" என்றாள். "நான் வர்றேன்."

"சூப்பர் மேடம். நேரா ஸ்டுடியோவுக்கே வந்துடுங்க, நாங்க கார் அனுப்புறோம். ஒரே ஒரு விஷயம், தப்பா நினைக்காதீங்க. எங்க டிரைவர் உங்க ஏரியாவுக்குள்ள வரமாட்டாராம். மெயின் ரோடு வரைக்கும் கொஞ்சம் நடந்து வந்துடுங்களேன்."

 மனைவி போனைக் கணவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கினார். "நான் சொல்ல வர்றது என்னன்னா, எங்க தெருவுக்கு..." என்று ஆரம்பித்தார். வாய் அதே இடத்தில் நின்றது. மனைவி ஸ்டூலிலிருந்த காலை மெல்லத் தரையில் இறக்கி வைத்தாள். அவர் அந்த வீங்கிய முழங்காலைப் பார்த்தார். பிறகு சொன்னார். பஸ் வராததைச் சொன்னார், எவனோ எறிந்த கல்லைச் சொன்னார், முழங்காலைச் சொன்னார், அவள் இன்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னார். பஸ் வந்தால் நாங்களும் வெளியே வருவோம், நீங்களும் உள்ளே வருவீர்கள் என்பதையும் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் கடைசிவரை குறுக்கே பேசவில்லை.  பிறகு, உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

"ஏன் சார், இவ்வளவு நாளா நிகழ்ச்சிக்கு வர்றீங்க, இதை ஒரு தடவைகூட நீங்க சொல்லவே இல்லையே?"