அட்டையில் செத்துப்போன அன்ரன்

வெள்ளிக்கிழமை, காலை 5.45. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ரயிலில், இரண்டாம் வகுப்பில், யன்னலோர இருக்கை. கட்டணம் 2,700 ரூபா. தூரம் ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் காயவைத்த பனங்கிழங்கு ஒடியல், பனங்கட்டி, ஒரு போத்தல் நல்லெண்ணெய், இவற்றோடு சாம்பல் நிறத்தில் கரையே இல்லாத ஒரு பருத்திச் சேலை. அந்தச் சேலையைத் தெரிவு செய்ய முழுதாக ஒரு மணி நேரம் புடைவைக் கடையில் நின்றேன். பூப்போட்டது கூடாது, சிவப்புக் கூடாது, சரிகை கூடவே கூடாது. கணவனை இழந்த ஒருத்தியைப் பார்க்கப் போகிறோம், மனம் நோகக்கூடாது என்று அவ்வளவு கவனம். இப்போது நினைத்தால் என்னையே இரண்டு அறை அறையலாம் போல இருக்கிறது.

யாழ்ப்பாணம் கந்தர்மடத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. தனித்தனியாக வீட்டிலிருந்து கையால் நகை செய்கிற ஏழு பேரின் வேலைகளை அங்கே வைத்து விற்கிறேன். பொன் இல்லை. பித்தளை, செம்பு, வெள்ளி, சிப்பி, மணி. ஏழு பேரில் அதிகம் விலைபோவது ஜெசிந்தாவின் தோடுகள். மெல்லிய செம்புக் கம்பியில் குட்டிக் குட்டிப் பித்தளை வளையங்களை ஒட்டி, வலை போலத் தொங்கும். அவை நேரே அவரிடமிருந்து எனக்கு வருவதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் இதேபோலக் கொஞ்சம் பெரிய கடை வைத்திருக்கும் மாலினி அக்கா மூலம், ஒவ்வொரு சோடியோடும் ஒரு அச்சடித்த அட்டையுடன் வரும். அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இப்படி இருக்கும்: “ஜெசிந்தா. போரில் கணவனை இழந்தவர். மூன்று பிள்ளைகளோடு தனித்து வாழும் இவரின் கண்ணீரே இந்த நகை.”

இரண்டு வருடமாக இந்தக் கண்ணீரை நான் விற்றேன். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் அட்டையை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு சோடி எடுப்பார்கள். “காதில போட்டதே தெரியேல்லை, அவ்வளவு பாரமில்லை” என்று சிலர் திரும்பி வந்து சொல்வார்கள். நானும் சும்மா இருக்காமல், துன்பப்பட்ட கை என்றபடியால் பூப்போலச் செய்கிறா என்று பதில் சொல்வேன். வாய்க்கு வந்ததைச் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

ஜெசிந்தாவை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று மாலினி அக்காவிடம் பல தடவை கேட்டிருந்தேன். “அவங்க ரொம்பக் கூச்சம், யாரையும் சந்திக்க மாட்டாங்க” என்பார். போன மாதம் மாலினி அக்கா வெளிநாடு போயிருந்த நேரத்தில் அவர் கடையில் நின்றவர்கள் என் விலாசத்தைக் கொடுத்துவிட, ஒரு பொதி அட்டை இல்லாமல் நேரே ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து கூரியரில் வந்துவிட்டது. உறையில் கொட்டாஞ்சேனை விலாசம். அதைக் குறித்து வைத்துக்கொண்டுதான் புறப்பட்டேன்.

பகல் 12.30. கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியதும் வெயில் தலையில் அடித்தது. ஓட்டோக்காரர் கொட்டாஞ்சேனைக்கு எண்ணூறு கேட்டார். மூன்று கிலோமீற்றருக்கு எண்ணூறா என்று நான் குரலை உயர்த்த, “மிஸ், பெற்றோல் விலை தெரியும் தானே? சரி, அறுநூறு தாங்க” என்றார். புறக்கோட்டையின் லொறிகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் இடையில் இருபத்தைந்து நிமிடம் ஊர்ந்தோம். அவர் முன்னால் நின்ற லொறிக்காரனைச் சிங்களத்தில் ஏசுவார், என்னிடம் தமிழில் மன்னிப்புக் கேட்பார். கொட்டாஞ்சேனையில் ஒரு குறுக்கு ஒழுங்கையின் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே ஓட்டோ போகாது.

இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகள். ஒன்பதாவது கதவைத் தட்டினேன். திறந்தவர் ஆறடி உயரம், சாரமும் பெனியனும், நாற்பது வயது மதிக்கலாம். அவருடைய இடது காதில் ஜெசிந்தாவின் தோடு ஒன்று தோள் வரை தொங்கிக்கொண்டிருந்தது.

தோட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகுதான் கேட்டேன்.

“நான் யாழ்ப்பாணத்திலை இருந்து வாறன். ஜெசிந்தா நிக்கிறாவோ? நீங்கள் ஆர்?”

“உள்ளுக்கு வாங்க மிஸ். நான் அவட மனுசன், அன்ரன்.”

“மனுசனோ?”

“ஓம். கலியாணம் முடிச்சுப் பதினாலு வருசம்” என்று சிரித்தார். தோடும் சேர்ந்து ஆடியது.

உள்ளே மேசையில் உலோகத்தை உருக்கி ஒட்டும் ஒரு சின்னச் சோல்டர் கோல், கம்பிச் சுருள்கள், குறடு. ஜெசிந்தா எழுந்து வந்தார். மெல்லிய, சுறுசுறுப்பான பெண். ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் சோல்டர் பிடித்தவராம். அந்தக் கைவேலைதான் தோடாக மாறியிருக்கிறது. பிள்ளை மூன்று அல்ல, ஒன்று. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அன்ரனுக்கு ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெயினர் யார்டில் வேலை, அன்று லீவு. நான் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு ஜெசிந்தா விளக்கினார்.

“எந்தத் தோடும் முதல் அஞ்சு நிமிசம் பாரமில்ல அக்கா. அரை மணித்தியாலம் தொங்கினாத் தான் தெரியும். என்ட காது பழகிப்போச்சு, ஒண்டும் விளங்காது. இவருக்கு இளந்தாரி வயசில கடுக்கன் போட்ட ஓட்டை இருக்கு. கொஞ்சம் இழுத்தாலே கத்துவார். கத்தினா நான் ரெண்டு வளையம் கழட்டுவன்.”

“மெஷின் மாதிரி வச்சிருக்கா மிஸ். டீவியும் பார்க்க விடமாட்டா, தலையை ஆட்டாதே எண்டு” என்றார் அன்ரன்.

கடைக்கு வந்த அத்தனை தோடும் இந்த மனிதரின் காதில் அரை மணி நேரம் தொங்கிவிட்டுத்தான் வந்திருக்கின்றன. அட்டையோ இவரைப் போரில் கொன்றுவிட்டது. எனக்கு முகம் எரிந்தது. மறைக்கலாமா என்றுகூட யோசித்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேநீர் வைக்க உள்ளே போன ஜெசிந்தா திரும்பி வந்து பையிலிருந்து எட்டிப்பார்த்த சேலையைக் கண்டுவிட்டார்.

“யாருக்கு அக்கா இந்தச் சீலை?”

நான் அட்டையை எடுத்து நீட்டினேன். வாசித்தார். இரண்டாம் முறை உதடு அசைய வாசித்தார். அன்ரன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தார்.

“நான் செத்த முப்பத்தொராம் நாளுக்குச் சாப்பாடு குடுத்தாச்சா? என்னை ஒருத்தரும் கூப்பிடல்லயே!”

“சிரிக்காதீங்க!” ஜெசிந்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வானொலி நின்றது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “அக்கா, இவர் வேலை செய்ற இடம் உங்களுக்குத் தெரியாது. தலைக்கு மேல இரும்புப் பெட்டி போகும். போன வருசம் இவரோட வேலை செஞ்ச ஒருத்தருக்குக் கால் போச்சு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் இவர் கதவைத் தட்டுற வரைக்கும் என்ட உயிர் என்னட்ட இல்ல. செவ்வாய்க்கிழமை தவறாம கோயிலுக்குப் போய் இவருக்காக மெழுகுதிரி கொளுத்துறன். நீங்கெல்லாம் சேர்ந்து இவர் செத்துட்டார் எண்டு அச்சடிச்சு வித்திருக்கிறீங்க.”

‘நீங்கெல்லாம்’ என்றார். நியாயம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அட்டையில் இருந்ததை அவர் இதுவரை அறியவே இல்லை. தோடுகளை வெறும் பொலித்தீன் பைகளில் கொடுப்பாராம், அட்டை வெள்ளவத்தையில்தான் சேர்க்கப்படும். அரை மணி நேரம் கோபம் ஆறாமல் குறடால் கம்பியை வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராகப் பன்னிரண்டு சோடியை என் முன்னால் வைத்தார்.

“அந்த மாலினிக்கு இனி ஒண்டு கூடக் குடுக்க மாட்டன். உங்களுக்கு நேரே தாறன். ஆனா என்ட பேரைப் போட்டு, என்ட மனுசன் உயிரோட இருக்கிறார் எண்டு போட்டு வில்லுங்க. அப்பிடி ஓடினா நான் இந்த வேலையைச் செய்வன். ஓடாட்டி திரும்ப ஃபெக்டரிக்குத் தான். பொய்யில சாப்பிட எனக்கு ஏலாது.”

சேலையைத் திரும்ப எடுத்து வந்தேன். பனங்கட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பிற்பகல் 3.40. கொட்டாஞ்சேனையிலிருந்து 155ஆம் இலக்க பஸ். இந்த ஒரே பஸ் நகரத்தின் வடக்கிலிருந்து தெற்கு வரை போகிறது. வெள்ளவத்தைக்குத் தொண்ணூறு ரூபா, ஒன்றேகால் மணி நேரம். பக்கத்தில் தெஹிவளை வரை போகும் ஒரு பெண், என் மடியில் தோடுப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். “பித்தளைக்கா?” என்று சிரித்துவிட்டுத் தூங்கிப்போனார். அவராவது மனதில் உள்ளதைச் சொன்னார்.

மாலை 5.00. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாலினி அக்காவின் கடை. கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, ஊதுபத்தி வாசனை. அவர் வருவதற்குள் தட்டுகளில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பதினொரு அட்டை. பதினொன்றிலும் ஒரு சாவோ ஒரு வெள்ளமோ ஒரு நோயோ இருந்தது. இந்தத் தீவில் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி ஒரு மாலை கோக்கிறவர் ஒருவர்கூட இல்லையாக்கும்!

மாலினி அக்கா என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார். அன்ரனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதும் சந்தோஷம் குறைந்தது. ஆனால் பதறவில்லை.

“கதை இல்லாட்டி சாமான் போகாதும்மா. நான் யாருக்குக் கெடுதல் செஞ்சன்? அந்தப் பிள்ளைக்குத் தானே ஓடர் கூடினது?”

“அந்தப் பிள்ளையின்ரை மனுசனைச் சாகடிச்சுப் போட்டோ?”

“அது ஒரு மார்க்கெட்டிங் தானே.”

எனக்குப் பொறுக்கவில்லை. என் கடைக்கு மணிமாலை கோத்துத் தருகிற ஒருத்தி இருக்கிறாள், உண்மையாகவே போரில் கணவனைப் பறிகொடுத்தவள். முதல் நாளே என்னிடம், “மாலையை மாலை எண்டு வில்லுங்கோ அக்கா, என்னைப் பாவம் எண்டு விக்காதேங்கோ” என்று சொல்லிவிட்டாள். அவளைப் பற்றி ஒரு வரிகூட நான் எங்கேயும் எழுதியதில்லை. உண்மையாக இழந்தவள் வாயை மூடிக்கொண்டிருக்க, இழக்காதவளின் பெயரில் இந்த அம்மா ஒப்பாரி அச்சடிக்கிறார். இதைக் கடையில் நின்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த மணிமாலைக்காரி யார் என்று மட்டும் சொல்லவில்லை.

மாலினி அக்கா குரலைத் தாழ்த்தினார். “நீங்க ரெண்டு வருசமா இதே கார்டைக் காட்டித் தானே வித்தீங்க? ஒரு தரமாவது உண்மையா எண்டு கேட்டீங்களா? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்.”

சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் கேட்கவில்லை என்பது உண்மை. அந்தக் கோபத்தோடு வெளியே வந்து, பக்கத்து விடுதியில் 5,500 ரூபாவுக்கு ஒரு அறை எடுத்து, சாப்பிட மனமில்லாமல் படுத்தேன்.

சனிக்கிழமை. காலையில் கடலோர ரயிலில் கோட்டைக்கு வந்து வடக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் புதிய அட்டையை மனதுக்குள் எழுதினேன். அநுராதபுரம் தாண்டியபோது சரியாக வந்துவிட்டது. “ஜெசிந்தா, கொட்டாஞ்சேனை. பத்து வருடம் தொழிற்சாலையில் சோல்டர் வேலை செய்தவர். ஒவ்வொரு தோடும் இவர் கணவர் அன்ரனின் காதில் அரை மணி நேரம் தொங்கிய பிறகே கடைக்கு வருகிறது.” இதை வாசித்தால் யாருக்கும் முகம் மலரும் என்று நம்பினேன். கொழும்பு வியாபாரம் அப்படித்தான், நம்முடைய ஊர்ச் சனம் வேறு என்ற ஒரு எண்ணமும் கிளிநொச்சி வரும்போது சேர்ந்துகொண்டது.

ஊர் வந்து பத்தாம் நாள். போன வருடம் இரண்டு சோடி எடுத்த ஒரு அம்மா லண்டனிலிருந்து மறுபடி வந்திருந்தார். இதே கந்தர்மடத்தில் பிறந்து வளர்ந்தவர். புதிய தோடுகளைக் காதில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார், மிகவும் பிடித்துவிட்டது. பிறகு அட்டையை எடுத்தார். பின்பக்கம் திருப்பியும் பார்த்தார்.

“போன முறை நான் எடுத்தது அந்த விதவைப் பிள்ளை செய்தது எல்லோ?”

“அதே பிள்ளைதான் அம்மா. பழைய கார்ட்டிலை இருந்தது பொய். விசாரிக்காமல் வித்தது என்ரை பிழை. நீங்கள் அந்தக் காசைத் திருப்பிக் கேட்டாலும் தருவன்.”

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏமாற்றியதற்கு ஏசினால் வாங்கிக்கொள்ள ஆயத்தமாகத்தான் நின்றேன். அவர் ஏசவில்லை. கேட்ட அளவுச் செருப்பு இல்லை என்று கடைக்காரர் சொன்னால் ஒரு முகம் வருமே, அப்படி ஒரு முகத்தோடு தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அப்ப அந்த மனுசனுக்கு ஒண்டுமே நடக்கேல்லையோ?”

“இல்லை அம்மா” என்றேன். தோட்டை வெடுக்கென்று எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். “நேற்றும் வேலைக்குப் போய், பின்னேரம் சுகமா வீட்டை வந்து சேர்ந்தவர்.”