கஷாயம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்

வகுப்புத் தோழர்களே, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் பழகிய கை. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என் கையாலேயே எழுதுகிறேன் என்பதில் கொள்ளை மகிழ்ச்சி எனக்கு. மாலை வகுப்பில் நமக்கெல்லாம் எழுதப் படிக்கக் கற்றுத்தந்த கலா டீச்சர் இறந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் சொன்னார்கள். வாங்கிய கீரைக்கட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவருக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய். எனக்குப் புரியவில்லை என்றபோது, நான் நாவலூர் அடுக்குமாடியில் வாட்ச்மேனாக இருந்ததை வைத்தே விளக்கினார்.

"தாத்தா, குடியிருக்கறவங்களையே நீங்க அடிச்சா என்ன ஆகும்?"

"அன்னிக்கே சீட்ட கிழிச்சுடுவாங்கம்மா."

"உடம்பும் அப்படித்தான். அந்த மாதிரி ஆளை ஆரம்பத்துலயே கழிச்சுடும். தப்பி வந்தவனை அடக்க வேற ஆளுங்க இருக்காங்க. எனக்கு அந்த அடக்கற ஆளுங்க சரியில்ல."

"அப்ப மொத்த வாட்ச்மேனையும் தூக்கிட வேண்டித்தானே?"

"தூக்கினா திருடன் வந்துடுவான் தாத்தா. அதான் மாத்திரை போட்டுக் கொஞ்சமா அடக்கி வெச்சிருக்கேன்."

வகுப்பே சிரித்தது. சிரித்தோமே தவிர, எதைக் காதில் வாங்கினோம்? மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். "எதிர்ப்பு சக்திய குறைக்கிற மாத்திரைய இந்த நேரத்துல யாராவது முழுங்குவாங்களா?" என்று அவர் மாமியார் ஓயாமல் சொன்னார். நான் எதிர்ப்பு சக்தி கூடட்டும் என்று சீந்தில்கொடிக் கஷாயம் காய்ச்சி பிளாஸ்கில் கொண்டுபோனேன்.

"இத குடி டீச்சர், தெம்பு ஏறும்."

"அதுக்குத் தெம்பு ஏறினா அடி எனக்குத்தான் தாத்தா" என்று பிளாஸ்கைத் திருப்பித் தந்தார்.

மறுவாரமும் கொண்டுபோனேன். எல்லோருமாக அரித்து அரித்து, கடைசியில் டாக்டரிடம் கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிட்டார். நோய் சிறுநீரகத்தைத் தின்றது.

நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. துக்க வீட்டிலும் ஒருவர், "பாவம், எதிர்ப்பு சக்தி இல்லாம போச்சு" என்கிறார். "இல்லாம போகலய்யா, அடங்காம போச்சு!" என்று கத்தினேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது போலப் பார்த்தார்கள்.

அதைவிட எரிச்சல், திரும்பும்போது பஸ்ஸில் நம் வகுப்பில் படித்த தனம் சொன்னது. அவள் மூட்டுகளைத் தின்பதும் இதே வகை நோய்தான். "டீச்சரையே காப்பாத்தாத மாத்திரை எனக்கு இன்னாத்துக்குண்ணா? நானும் நிறுத்திடப் போறேன்." தாம்பரம் வரை சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலா டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த எழுத்துதான். தனம், நீயும் அவரிடம் படித்தவள். இதை நீயே படி. மாத்திரை டீச்சரைக் கைவிடவில்லை. நாம்தான் நிறுத்த வைத்தோம். டாக்டரைப் பார்க்காமல் நிறுத்தாதே. அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன். படிக்க நீ இருக்க வேண்டும்.