மேல்சரிவு மொட்டையான வருஷம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஜவ்வாது மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வீட்டில் என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணி. அண்ணியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குடிக்க, சமைக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட, எல்லாவற்றுக்கும் ஊருக்கு மேலே பாறை இடுக்கில் கசிந்த ஊற்றுதான். கோடையிலும் குடத்தை வைத்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நிரம்பிவிடும்.

ஒரு வருஷம் மழை பிந்தி, சாமை பதராகிப் போனது. ஊற்றுக்கு மேல்சரிவில் மரம் வெட்ட ஒடுகத்தூரிலிருந்து ஒரு குத்தகைக்காரர் வந்தார். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் கோடாலியோடு போனார்கள். கூலி வந்தது, அரிசிச் சோறு தின்றோம். லாரிகள் கட்டையும் கரியும் ஏற்றிக்கொண்டு இறங்கின. சரிவு முழுக்கச் செம்மண் தெரிந்தது.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. முன்பெல்லாம் சருகுக்குள் மெல்ல இறங்கும் தண்ணீர், இந்த முறை நிற்கவே இல்லை. எங்கள் மேட்டு நிலத்து மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. பொங்கலுக்குள் ஊற்று நூலாக இளைத்தது. மாசியில் நின்றுவிட்டது.

"இன்னாடி இது, கைய வச்சா சேறுதான் வருது," என்றாள் அக்கா. அப்போது அவள் நிறைமாதம்.

அதற்குப் பிறகு பள்ளத்துக் காட்டாற்றுக்கு இறங்கினோம். அங்கும் மணல்தான். குழி தோண்டி, ஊறுவதைக் கொட்டாங்குச்சியால் மொள்ள வேண்டும்.

"நீ வூட்லயே இரு அக்கா, நான் எடுத்தாறேன்."

"ஒரு கொடம் யாருக்குப் பத்தும்? மாட்டுக்கு இன்னா வப்பே?" என்று அவளும் வந்தாள்.

ஏறும்போது மழை அரித்த தடத்தில் கால் சறுக்கி, குடத்தோடு உருண்டாள். டோலி கட்டி போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை செத்தே பிறந்தது.

அதற்குப் பிறகு அவள் புருஷன் கோடாலியைத் தொடவில்லை. குத்தகைக்காரர் பக்கத்துச் சரிவுக்கு ஆள் கூப்பிட்டார்.

"நாம போவலன்னா வெட்டு நின்னுடுமாண்ணா?" என்று கேட்டார் என் கணவர்.

"நிக்காது. ஆனா நான் போவல." கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் ஊற்றின் வாயை நாள் கணக்கில் தோண்டினார். காய்ந்த கல்தான் வந்தது.

தண்ணீர் இல்லாத ஊரில் பிழைக்க வழியில்லாமல் எல்லோரும் சந்தவாசல் பக்கம் வேர்க்கடலை பிடுங்க இறங்கினோம். கீழேயும் கிணறுகளில் மோட்டார் சற்று நேரம் இறைத்ததும் காற்றை உறிஞ்சியது. "மேலேர்ந்து ஆறு வந்தாதான கெணறு ஊறும்? இனிமே உங்களுக்கு வேல இல்லம்மா," என்றார் நிலத்துக்காரர்.

குடகில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அக்காவும் அவள் புருஷனும் கிளம்பினார்கள். பஸ் ஏறும்போது அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அங்க தண்ணி கீதா?"

"கீது," என்றார் என் கணவர். எங்களில் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை.