இரண்டு கதவும் திறந்து கிடந்த பதினோரு நிமிடம்

எல்விரா கிஹாதாவுக்கு இருட்டென்றால் குலை நடுக்கம். வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். அரிசோனாவின் தென்கோடிப் பாலைவனத்தில், குகைப் பூங்காவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறவளாயிற்றே! பார்க்க வருகிற கூட்டத்துக்கு முன்னால் ஒருத்தர் விளக்கம் சொல்லிக்கொண்டு போவார். எல்விரா கடைசி ஆளாக வருவாள். யாரும் எதையும் தொடக்கூடாது, யாரும் பின்தங்கக்கூடாது. அது அவள் பொறுப்பு. கூட்டம் கடந்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக அவள் முதுகுக்குப் பின்னால் அணைந்துகொண்டே வரும். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பிடரி மயிர் கூச்செறியும். இடுப்பில் எப்போதும் இரண்டு டார்ச் செருகியிருப்பாள். வீட்டில் குளியலறை விளக்கை அணைக்காமல்தான் தூங்குவாள்.

இந்தச் சங்கதி தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் ரமீரோ. செப்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். நல்ல மனுஷன்தான், வாய்தான் சும்மா இருக்காது. அவள் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததும் மூக்கைப் பிடித்துக்கொள்வான்.

"ஏ கெழவி, அந்தச் சட்டைய வெளியவே கழட்டிப் போட்டுட்டு வா. ஈரச் சுண்ணாம்பும் வௌவால் புழுக்கையும் சேந்து கொடலப் பொரட்டுது."

அதனால் அவள் சீருடை வீட்டுக்குள் வந்ததே கிடையாது. கொல்லைப்புறக் கம்பியில்தான் தொங்கும். காசு கொடுத்துப் பொந்துக்குள் போகிறவனுக்கு மூளை இல்லை என்பது ரமீரோவின் கட்சி. ஒருநாள்கூட அவன் குகையை எட்டிப் பார்த்ததில்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பனி விழுந்தது. அந்தப் பக்கம் பத்து வருடத்துக்கு ஒரு தடவை விழுந்தாலே பெரிசு. காலையில் கள்ளிச் செடிகளின் தலையெல்லாம் வெள்ளை. சுரங்கச் சாலையை மூடிவிட்டார்கள். பெரியவர்களெல்லாம் வெட்கமில்லாமல் தெருவுக்கு வந்து பனியை உருட்டி எறிந்துகொண்டார்கள். "லீவு கெடச்சிருக்கு, உன் பொந்தைத்தான் பாத்துடுவமே" என்று ரமீரோவும் கிளம்பிவிட்டான். மத்தியானத்துக்குள் வெயில் வந்துவிடும், எல்லாம் உருகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வெயிலைத் தவிர வேறெதையும் அறியாத ஜனம், வேறெப்படி நினைக்கும்?

மூன்று மணிக்கு ரமீரோவையும் சேர்த்துப் பதினான்கு பேர் உள்ளே போனார்கள். கோட்டு, கம்பளி எதுவும் உள்ளே கூடாது, நூல் உதிரும். எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். முதல் இரும்புக் கதவுக்கும் இரண்டாம் கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. அங்கே சட்டை நனையும்படி தண்ணீரைத் தூவுவார்கள், தூசி பறக்காமல் இருக்க. ஒரு கதவைச் சாத்திய பிறகுதான் மறு கதவைத் திறக்கலாம். வெளிக்காற்று புகுந்தால் குகை காய்ந்துவிடும், சொட்டுச் சொட்டாக வளர்கிற கல்லெல்லாம் அதோடு செத்துப்போகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தைத் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுப்பதே எல்விராதான்.

உள்ளே போனதும் ரமீரோ பேச்சை மறந்து அண்ணாந்தபடியே நடந்தான். பளபளவென்று தொங்கிய ஒரு கல்லை நோக்கி விரல் நீண்டது. எல்விரா பட்டென்று அடித்தாள்.

"தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்."

"புருஷனுக்கு இல்லாத மரியாத கல்லுக்கா?"

பாதி வழி திரும்பி வரும்போது விளக்குகள் மொத்தமாக அணைந்தன. யாரோ வீறிட்டார்கள். எல்விராவின் கை இடுப்பு டார்ச்சுக்குப் போனது. முன்னால் போன டாரத்தி என்ற மேற்பார்வைக்காரி கையிலிருந்த விளக்கைக் காட்டி எல்லோரையும் உள்கதவு வரைக்கும் கொண்டுவந்து உட்காரவைத்தாள். ரேடியோவில் அலுவலகத்தோடு பேசினாள்.

"வெளிய பனிப்புயலாம். உதவிக்கு வர்ற வண்டி மேல ஏற முடியலியாம். இங்க கதகதப்பாத்தான் இருக்கு, யாரும் நகராதீங்க. சரியாயிடும்."

பிள்ளைகள் இருந்த பக்கம் ஒரு டார்ச், கூட்டத்தின் நடுவில் ஒரு டார்ச் என்று எல்விரா இரண்டையும் கொடுத்துவிட்டாள். அவளுக்கு மிஞ்சியது வால்பக்கத்து இருட்டு. ரமீரோ அவள் கையைப் பிடித்தான்.

"நடுங்குறியே."

"குளுருது."

"யாருகிட்ட கத விடுற? இந்தப் புழுக்கத்துல குளுருதாம். வண்டியில பெரிய லைட்டு இருக்கு, எடுத்தாந்துடறேன். எரநூறு அடிதானே."

"வேணாம்யா. சட்ட பூரா ஈரம்."

"அம்பது வருஷமா நடந்த மண்ணு. எனக்கா வழி தெரியாது? போடி."

தடுப்பதற்குள் போய்விட்டான். உள்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகுதான் வெளிக்கதவு திறக்கும் சத்தம். அவள் சொல்லிச் சொல்லி மனப்பாடமான ஒழுங்கு.

பத்து நிமிடம் ஆயிற்று. இருபதும் ஆயிற்று. எல்விரா எழுந்தாள். ஒரு டார்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளிக்கதவுக்குப் போனாள். டாரத்தியும் பின்னாலேயே வந்தாள். கதவைத் திறந்தால் பாதை இல்லை, மலை இல்லை, கீழே வண்டிகள் நிற்கிற இடமும் இல்லை. எல்லாம் வெள்ளை. டார்ச் வெளிச்சம் இரண்டு முழத்தில் முட்டி நின்றது. "ரமீரோ! ரமீரோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். காற்று அதை அவள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. ஈரச்சட்டையோடு இதில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் தாங்குவான்? கடவுளே, என் பயத்துக்காகப் போனவன்.

காலை எடுத்து வெளியே வைத்தவளை டாரத்தி இழுத்துப் பிடித்தாள்.

"நீயும் போயிட்டா ரெண்டு பொணம் தேடணும்."

எல்விரா திரும்பினாள். அங்கிருந்த பெஞ்சை இழுத்து வெளிக்கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். பிறகு உள்கதவை அகலத் திறந்தாள்.

"பைத்தியமா உனக்கு? ரெண்டையுமா தொறப்பே? ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறவ நீ!"

"காஞ்சா காயட்டும் டாரத்தி. ஆவி வெளிய போகட்டும். கதகதப்புப் பட்டாலாவது திரும்புவான்."

குகையின் சூடான ஈரக்காற்று குபுகுபுவென்று அவளைத் தாண்டி வெளியே பாய்ந்து வெண்புகையாகக் கிளம்பியது. டார்ச்சை வெளிக்கதவின் பிடியில் தொங்கவிட்டுவிட்டு நடு அறையில் நின்றாள். முன்னால் வெள்ளை, பின்னால் கருப்பு. இருட்டு முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள், குரல் போன பிறகும்.

நாலு காலில் ஊர்ந்துகொண்டு வந்தான் ரமீரோ. புருவமெல்லாம் பனி, உதடு நீலம், கையில் விளக்கு இல்லை. இருவருமாக அவனை உள்ளே இழுத்துப் போட்டார்கள். டாரத்தி ஓடிப்போய் இரண்டு கதவையும் சாத்தினாள். கூட்டத்தில் மிச்சமிருந்த, முன்பின் தெரியாத பதின்மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்து அவனைத் தங்கள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டார்கள். எல்விரா அவன் மார்பில் குத்திக் குத்தி அழுதாள்.

"வழி தெரியும்னியே, பாவி! எப்படிய்யா வந்தே?"

பல் கிட்டியதில் அவனுக்குச் சொல் வர நேரமாயிற்று.

"கண்ணும் தெரியல, காதும் கேக்கல கெழவி. சுத்திச் சுத்தி வந்தேன். படுத்துடலாம்னுதான் பாத்தேன். அப்பத்தான் உன் சட்ட நாத்தம் வந்துச்சு. அதப் புடிச்சிக்கிட்டே வந்துட்டேன்."

ஐந்து மணிக்கு விளக்கு வந்தது. பதிவேட்டில், இரண்டு கதவும் சேர்ந்து திறந்திருந்த நேரம் பதினோரு நிமிடம் என்று எல்விரா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குத் தண்டனையாக ஒரு மாதம் டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் உட்காரவைத்தார்கள். கடைசி ஆளாக மறுபடியும் குகைக்குள் போய்விட்டு வந்த முதல் நாள், வழக்கப்படி கொல்லைப்புறத்தில் சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டாள். குளித்துவிட்டு வந்து பார்த்தால் கம்பியில் சட்டையைக் காணோம். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால், ஆணியில் மாட்டியிருந்தது.