பைறோஸாவின் நிறம்

யேசுரட்ணத்துக்கு ஐம்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் வீடு, புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை. சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்வார். நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்வார். இருபத்தெட்டு வருடங்களாக ஒரே வேலை, அலுத்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

கமராப் பைத்தியம் பிடித்தது மூன்று வருடங்களுக்கு முன்புதான். கனடாவிலிருந்து வந்த மைத்துனன் தன் பழைய டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கமராவைக் கொடுத்துவிட்டுப் போனான். தானாக ஏதும் செய்யாத கமரா அது. பார்க்கும் கண்ணாடிக்குள் இரட்டையாகத் தெரியும் உருவத்தை, லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஒன்றாக்க வேண்டும். வெளிச்சத்தையும் நாமே அளந்து வைக்க வேண்டும். வெளிச்சம் போதாவிட்டால் ஒரு பக்கம் சிவப்பு அம்பு காட்டும், கூடினால் மறுபக்கம். சரியென்றால் நடுவில் சிவப்பு வட்டம்.

வட்டம் வந்தால் படம் சரி என்றுதான் அவர் முதலில் நம்பினார். கூட வேலை செய்த நாகேந்திரத்தின் பிரியாவிடையில் வட்டத்தைப் பார்த்துப் பார்த்தே நாற்பது படம் எடுத்தார். நாகேந்திரத்துக்குப் பின்னால் பெரிய யன்னல். படங்களில் யன்னல் அழகாக விழுந்திருந்தது.

“இதில ஆர் நிக்கிறது? என்ர நிழலோ?” என்று கேட்டார் நாகேந்திரம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றிலிருந்து வீட்டில் பரிசோதனை தொடங்கியது. மனைவி மெற்றில்டாவின் வெள்ளைத் தலையணை உறையை எடுத்தால் சாம்பல் நிறம். தன் கறுப்புக் கோட்டை எடுத்தாலும் சாம்பல் நிறம். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே கமரா எண்ணிக்கொள்கிறது என்பது மெல்ல விளங்கியது. அதற்கு முன்னால் நிற்பது கோட்டா, உறையா என்று அதற்குத் தெரியாது. பிறகு கமராவுக்குத் தன் புறங்கையைக் காட்டி அளந்து பார்த்தார். அந்த அளவிலிருந்து வெளிச்சத்தை அரைப்படி குறைத்து வைத்தால் தங்கள் ஆட்களின் முகம் முகமாகவே விழுந்தது.

அப்படி இருக்கையில்தான் ஷிம்னா வந்தாள். மெற்றில்டாவுக்கு வெகுகாலமாகச் சட்டை தைக்கும், கிராண்ட்பாஸில் இருக்கும் பைறோஸாவின் மகள். தகப்பன் இறந்த பிறகு தாயின் தையல் மெஷின் வருமானத்திலேயே படித்து வளர்ந்தவள். மறுநாள் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம்.

“அங்கிள், நீங்கதான் படம் எடுக்கணும். உம்மாவையும் எப்பிடியாவது எடுத்துடுங்க. அவ நிக்கவே மாட்டா.”

மறுநாள் பதினொரு மணி வெயில். நீதிமன்றத்துக்கு வெளியே வெள்ளைச் சேலையும் கறுப்பு அங்கியுமாகப் புதுச் சட்டத்தரணிகள். யேசுரட்ணம் ஷிம்னாவையும் அவள் சிநேகிதிகளையும் எடுத்தார். பைறோஸா கறுப்பு அபாயாவில், மகளின் பையை அணைத்தபடி தூரத்தில் நின்றார்.

“பைறோஸா, வாங்கோவன்.”

“வாணாம் அண்ணன். படத்துல நான் ஒண்டில் சுண்ணாம்பு, இல்லாட்டிக் கரி. கலியாணப் படத்துல ஸ்டூடியோக்காரன் வெளுப்பாக்கின வெளுப்புல, இவள் சின்னப் புள்ளயா ஈக்கக்கொள்ள ‘இது யாரும்மா’ண்டு கேட்டவள். ஐடென்டிட்டி காட்ல கண் ரெண்டும் மட்டுந்தான் தெரியுது, மத்ததெல்லாம் இருட்டு. புள்ளட நல்ல நாள்ல என்னத்துக்கு?”

“ஒண்டே ஒண்டு. பிடிக்காட்டி உங்கட கண்ணுக்கு முன்னாலயே அழிக்கிறன்.”

ஷிம்னா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இருவரையும் வெயிலிலிருந்து நகர்த்திக் கட்டிட நிழலில் நிறுத்தினார் யேசுரட்ணம். அபாயாவை அளந்தார்: ஷட்டரை முப்பதில், அதாவது நொடியில் முப்பதில் ஒரு பங்கில் வை என்றது கமரா. சேலையை அளந்தார்: ஐந்நூறு என்றது. இரண்டையும் கேட்காமல் பைறோஸாவின் முகத்துக்குப் பக்கத்தில் தன் புறங்கையை நீட்டி அளந்தார். நூற்றிருபத்தைந்து. அதிலிருந்து வெளிச்சத்தை அரைப்படி குறைத்தார். பிறகு கமராக் கண்ணாடிக்குள் பைறோஸாவின் புருவம் இரட்டையாகத் தெரிந்ததை, வளையத்தைத் திருப்பி ஒன்றாக்கினார்.

தாயும் மகளும் கம்பம் போல நின்றார்கள். வாசலில் நின்ற காவலாளி, “அம்மே, பொட்டக் ஹினாவென்ன!” என்று சிரிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். ஷிம்னா தாயின் காதில் ஏதோ சொன்னாள். பைறோஸா வாயைப் பொத்த மறந்து சிரித்தார். யேசுரட்ணம் அழுத்தினார்.

திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது பைறோஸா பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சேலையின் கொசுவம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அபாயா கறுப்பாகவே இருந்தது. அவர் பார்த்தது முகத்தை மட்டுந்தான். மாநிறத்தைத் தாண்டிய நல்ல கறுப்பு. கன்னத்தில் நிழல் வெளிச்சத்தின் மெல்லிய பளபளப்பு. நெற்றியில் சிறுவயதுத் தழும்பு.

“நான்தான்” என்றார். தலைத்துணியைச் சரி செய்துகொண்டு, “அண்ணன், இன்னமொண்டு எடுங்க. இந்த முற நான் தனிய” என்றார்.

வெள்ளவத்தையில் படம் அச்சடிக்கும் கடையில் இருந்தவர், “ஐயா, முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கவா?” என்று கேட்டார்.

“வேண்டாம் தம்பி. உள்ளபடியே அடியுங்கோ.”

பைறோஸா இரண்டு படங்களையும் சட்டமிட்டுத் தையல் மெஷினுக்கு மேலே மாட்டினார். அளவு கொடுக்க வரும் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யார் எடுத்தது என்று கேட்டார்கள். இப்போது ஞாயிறு பூசை முடிந்ததும் யேசுரட்ணம் கமராவோடு கிராண்ட்பாஸுக்குப் போய்விடுகிறார். பைறோஸாவின் வாசலில், கதிரையை நிழலில் போட்டு, ஒவ்வொருவராக எடுக்கிறார். கையை முகத்துக்குப் பக்கத்தில் நீட்டும்போது அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அதுவும் படத்துக்கு நல்லதாகவே இருக்கிறது.

மெற்றில்டாவுக்குத்தான் குறை. வாசலில் கூடும் கூட்டத்தில், பைறோஸாவிடம் தைக்கக் கொடுத்த சட்டை மூன்று கிழமையாக வரவில்லையாம்.